மலைச் சைக்கிளுக்கு மலிவுச் சக்கரம்: வாங்கத் தகுமா?

ஜூன் மாதம் பிறந்தால் மும்பையில் வாழும் நம் குடும்பங்களுக்குச் செலவுகள் வரிசையாக வந்து நிற்கும். பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை, குடை, கூரையின்மேல் விரிக்க நீலத் தார்ப்பாய் என்று ஒவ்வொன்றாகச் சமாளித்து முடிக்கும் வேளையில், வீட்டுப் பிள்ளையின் சைக்கிளும் தன் பங்கைக் கேட்கிறது. பின் சக்கரம் இருபுறமும் ஆடுகிறது. பிரேக் கட்டை ஒரு பக்கம் உரசுகிறது. மாதம் ஒரு கம்பி ஒடிகிறது. கடைக்குக் கொண்டுபோனால், "இதைச் சரி செய்து பயனில்லை, சக்கரத்தையே மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். மாற்றுவதென்றால் இரண்டு விலை. ஒன்று கைக்கு எட்டும் விலை. மற்றது அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு.

தாராவியிலும் மாதுங்கா லேபர் கேம்ப்பிலும் செம்பூரிலும் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. இதில் பணம் மட்டும் அடங்கியிருக்கவில்லை. அந்தச் சக்கரத்தின்மேல் ஏறிச் செல்பவன் நம் பிள்ளை. அவன் செல்லும் சாலையில் பேருந்தும் லாரியும் அவன் தோளை உரசுவதுபோல் செல்கின்றன. ஆகவே விலையை மட்டும் பார்த்து முடிவு செய்வது முறையாகாது. சைக்கிள் சக்கரம் எதனால் நிற்கிறது, எதனால் கெடுகிறது என்பதைச் சற்றே அறிந்துகொண்டால், மலிவுச் சக்கரம் வாங்கத் தகுமா என்ற கேள்விக்கு விடை தானே விளங்கும்.

மலைச் சைக்கிளின் வரலாறு

பருத்த டயரும் நேரான கைப்பிடியும் கொண்ட இந்த வண்டி பிறந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே டமால்பைஸ் என்னும் மலை இருக்கிறது. 1970களில் அப்பகுதி இளைஞர் சிலர், பழைய பருத்த டயர் சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய், மண்பாதையில் விரைந்து இறங்குவதை விளையாட்டாகக் கொண்டனர். 1976-ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். இறக்கத்தில் பின் ஹப்பிலிருந்த பிரேக் சூடேறி, உள்ளேயிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஓட்டம் முடிந்ததும் ஹப்பைப் பிரித்து மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த மறு அடைப்பே பந்தயத்தின் பெயராயிற்று.

பின்னர் ஜோ பிரீஸ் என்பவர் இவ்விளையாட்டுக்கென்றே தனிச் சட்டங்களைச் செய்தார். 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிச்சி செய்துகொடுத்த சட்டங்களைக் கொண்டு இவ்வண்டிகளை விற்கத் தொடங்கினர். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற வண்டியைத் தொழிற்சாலையில் பெருவாரியாகச் செய்து வெளியிட்டது. அதன்பின் உலகெங்கும் இத்தோற்றம் பரவியது.

தோற்றம் பரவிய அளவுக்குத் தரம் பரவவில்லை. நம் தெருக்களில் ஓடும் மலைச் சைக்கிள்களில் பெரும்பாலானவை மலை ஏறுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மலை வண்டியின் சாயலில் செய்யப்பட்ட நகர வண்டிகளே. அதில் தவறொன்றும் இல்லை. 90 அடிச் சாலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மலை வண்டி தேவையுமில்லை. எனினும் மும்பையின் மழைக்காலக் குழிகள் எந்த மலைப்பாதைக்கும் இளைத்தவை அல்ல. அக்குழிகளின் அடியை முதலில் வாங்குவது சக்கரமே.

கம்பி இறுகினால் கேடில்லை, தளர்ந்தால் கேடு

ஊரில் மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பார்த்திருக்கிறோம். நடுவே குடம், சுற்றிலும் வட்டை, இரண்டுக்கும் இடையே தடித்த மர ஆரக்கால்கள். தரையை நோக்கியிருக்கும் ஆரக்கால் தூணைப்போல் நின்று சுமையைத் தாங்குகிறது. சைக்கிள் சக்கரத்தின் வேலை இதற்கு நேர்மாறானது. அதன் கம்பி 2 மில்லிமீட்டர் தடிமனே உள்ளது. அழுத்தினால் வளைந்துவிடும், தூணாக நிற்க அதற்கு வலுவில்லை. ஆனால் இழுத்தால் எளிதில் அறாது. ஆகவே எல்லாக் கம்பிகளையும் நிப்பிளைத் திருகி முன்னதாகவே இழுத்துக் கட்டி வைக்கிறார்கள். 1869-இல் பாரிஸ் நகரத்து யூஜீன் மேயர் இவ்வகை இழுகம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1874-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்லும் முறையை அமைத்தார். இன்றுவரை நாம் ஓட்டுவது அந்த முறையைத்தான்.

வண்டியில் ஆள் ஏறி அமர்ந்ததும், தரையை நோக்கியுள்ள கம்பிகளில் இழுப்பு சிறிது குறைகிறது. சக்கரம் சுழன்று அக்கம்பிகள் மேலே போனதும் பழைய இழுப்பு திரும்புகிறது. 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 490 முறை சுழல்கிறது. நாளொன்றுக்குப் போக வர 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 200 பள்ளி நாட்களில் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 6 லட்சம் முறை இவ்வாறு தளர்ந்து இறுகுகிறது.

கம்பியில் போதிய இழுப்பு இருந்தால், சிறிது குறைந்த பின்னும் அது விறைப்பாகவே நிற்கும்; நிப்பிளும் அசையாது. போதாத இழுப்பு உள்ள கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் முற்றிலும் தொய்ந்து, பிறகு சட்டென்று இறுகும். ஓர் ஆணியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிவதுபோல, அக்கம்பி ஹப்பினருகே உள்ள வளைவில் ஒடிந்துவிடும். தொய்ந்த நிப்பிள் தானே கழன்று, சக்கரத்தில் கோட்டம் விழும். "அதிகமாக முறுக்கியதால் கம்பி ஒடிந்தது" என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பெரும்பாலும் தளர்ச்சியே கம்பியை ஒடிக்கிறது.

பின் சக்கரத்தில் வலப்புறம் ஃப்ரீவீல் இடத்தை எடுத்துக்கொள்வதால், அப்பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நின்று மிகுந்த இழுப்பைத் தாங்குகின்றன. இடப்புறத்துக் கம்பிகள் தளர்வாக இருக்கின்றன. பின் சக்கரமே அடிக்கடி தொல்லை தருவதற்கு இதுவும், வண்டியின் சுமையில் பாதிக்கு மேல் அதன்மேல் விழுவதும் காரணங்கள்.

மாற்றத்தான் வேண்டுமா?

கோட்டம் விழுந்த சக்கரமெல்லாம் கெட்ட சக்கரம் அல்ல. ரிம் பக்கவாட்டில் மட்டும் ஆடுகிறது, ஓரிரு கம்பிகளே ஒடிந்திருக்கின்றன என்றால், புதிய கம்பி போட்டுக் கோட்டம் எடுத்தால் போதும். ஊரில் இதைப் 'பெண்டு எடுத்தல்' என்றும் சொல்வோம். இங்குள்ள இந்தி பேசும் மெக்கானிக்கிடம் 'அவுட்' எடுக்க வேண்டும் என்றால் புரிந்துகொள்வார். இதற்கு ஆகும் கூலி, புதிய சக்கரத்தின் விலையில் ஒரு சிறு பங்கே.

மாற்றியே தீர வேண்டிய நிலைகளும் உண்டு. குழியில் மோதி ரிம்மின் விளிம்பு உள்நோக்கி நசுங்கியிருந்தால் அது பழைய வட்டத்துக்குத் திரும்புவது அரிது. நிப்பிள் துளையைச் சுற்றி வெடிப்பு தோன்றியிருந்தாலும், பிரேக் கட்டை உரசும் பக்கச் சுவர் தேய்ந்து குழிந்திருந்தாலும் அந்த ரிம்மை நம்பக்கூடாது. தேய்ந்த சுவர் ஒருநாள் டயரின் காற்றழுத்தத்தைத் தாங்காமல் பிளந்துவிடும். கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒடிந்துகொண்டே இருந்தால், எஞ்சியவையும் களைத்துவிட்டன என்று பொருள். அப்போது எல்லாக் கம்பிகளையும் மாற்ற வேண்டும், அல்லது சக்கரத்தை மாற்ற வேண்டும்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

ஒரு பொருளின் விலை குறைகிறதென்றால் எங்கோ ஒன்று குறைக்கப்பட்டிருக்கிறது. சக்கரத்தில் குறைக்கத்தக்க இடங்கள் நான்கு.

முதலாவது ரிம். மிக மலிவானது எஃகுத் தகட்டை வளைத்து மேலே முலாம் பூசியது. அடுத்தது ஒற்றைச் சுவர் அலுமினிய ரிம். அதற்கு மேலானது இரட்டைச் சுவர் அலுமினிய ரிம். இதில் குறுக்கே இன்னொரு சுவர் ஓடுவதால் பெட்டிபோல் வலுப்பெற்றுக் குழியின் அடியைத் தாங்குகிறது. ஒற்றைச் சுவர் ரிம்மில் கம்பியின் முனை நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் டியூபைக் குத்தும் தொல்லையும் உண்டு.

இரண்டாவது கம்பி. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி விலை கூடியது. துத்தநாகம் பூசிய சாதாரணக் கம்பி மலிவு. சாதாரணக் கம்பியும் உழைக்கக்கூடியதே. ஆனால் கடற்காற்றில் நிப்பிளோடு சேர்ந்து துருவேறி இறுகிவிட்டால், பிறகு கோட்டம் எடுக்கத் திருகும்போது முறிந்துவிடும்.

மூன்றாவது ஹப். மலிவு ஹப்பில் கோனும் குண்டுகள் ஓடும் கிண்ணமும் மென்மையான உலோகத்தாலானவை. விரைவில் குழி விழும். கியர் வண்டிகளில் மரையிட்டுத் திருகும் ஃப்ரீவீல் உள்ள ஹப்பானால், வலப்புறத்துக் குண்டுகள் உள்ளே தள்ளி அமைந்திருக்கும். ஆக்சிலின் முனை தாங்கலின்றி வெளியே நீண்டிருக்கும். கனத்த ஆளோ மிகுந்த சுமையோ ஏறினால் அந்த ஆக்சில் வளைவதும் முறிவதும் இயல்பு.

நான்காவது கைவேலை. இதுவே முதன்மையானது. அனுபவமுள்ள ஒருவர் கம்பிகளைக் கோத்து, கோட்டம் எடுத்து, எல்லாக் கம்பிகளிலும் இழுப்பைச் சமமாக்கி, பிறகு கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் படிய வைத்து, மீண்டும் சரிபார்த்து முடிக்க நேரம் பிடிக்கும். மலிவுச் சக்கரத்துக்கு அந்த நேரம் கொடுக்கப்படுவதில்லை. இயந்திரம் விரைந்து கோத்து, நேராக ஓடும் அளவுக்கு மட்டும் திருப்பி அனுப்பிவிடுகிறது. கடையில் சுழற்றிப் பார்த்தால் குறையொன்றும் தெரியாது. இரண்டு மாதம் ஓடிய பின்னரே, உள்ளிருந்த தளர்ச்சி கோட்டமாக வெளிப்படும். ஹப்பிலும் கிரீஸ் சிக்கனமாகவே வைக்கப்பட்டிருக்கும். கோன் ஒன்று மிக இறுக்கமாகவோ மிகத் தளர்வாகவோ இருக்கும்.

முதல் மூன்று குறைகள் பொருளில் உள்ளவை. அவற்றை நாம் மாற்ற இயலாது, பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான்காவது குறையையோ நம் தெரு முனையில் இருக்கும் நல்ல மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடுவார். மலிவுச் சக்கரம் தகுமா என்ற கேள்வி இந்த இடத்தில்தான் தீர்கிறது.

மழையும் உப்பும்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கமும் சயன் பக்கமும் பெருமழை நாளில் முழங்கால் அளவு நீர் நிற்பது நாம் காணாத காட்சியல்ல. தாராவியோ மாகிம் கழிமுகத்தை ஒட்டியிருக்கிறது. காற்றில் எப்போதும் உப்பு உண்டு.

எஃகு ரிம்மின் முலாம் பூசிய மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பானது. அது நனைந்துவிட்டால் ரப்பர் பிரேக் கட்டைக்குப் பிடிமானமே கிடைப்பதில்லை. கைப்பிடியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே செல்லும். அலுமினிய ரிம்மும் நனைந்தால் பிடிப்புக் குறையும். ஆனால் கட்டை ஓரிரு சுற்றுகளில் நீரைத் துடைத்துவிட்டுப் பிடித்துக்கொள்ளும். பேருந்து முன்னே திடீரென நிற்கும்போது, இந்த வேறுபாடு உயிரைக் காப்பதாக அமையும். ஆகவே ரிம்மில் பிரேக் பிடிக்கும் வண்டிக்கு எஃகு ரிம்மை எந்த மலிவுக்காகவும் பிள்ளைக்கு வாங்கித் தரக்கூடாது. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் ரிம்மில் பிரேக் பிடிப்பதில்லை என்பதால் இந்த அபாயம் இல்லை. ஆனால் துருவின் தொல்லை அங்கும் உண்டு.

ஹப் நீரில் மூழ்கினால் கிரீஸ் கழுவப்பட்டு, மணலும் சேறும் குண்டுகளுக்கிடையே புகுந்துவிடும். அவ்வண்டியை அப்படியே ஓட்டினால் ஒரே பருவத்தில் கோன் அரைபட்டுப்போகும். விலை கூடிய ஹப்பும் இதற்கு விலக்கல்ல.

26 என்னும் எண்ணில் உள்ள பொறி

அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். 26 அங்குலம் என்று எழுதிய சக்கரமெல்லாம் ஒன்றல்ல. மலைச் சைக்கிளின் 26 அங்குல ரிம்மில், டயர் அமரும் இடத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 x 1⅜ என்று எழுதப்பட்ட பழைய வகை வண்டிகளின் ரிம்மில் அது 590 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 27.5 அங்குல வகைக்கு 584. 29 அங்குல வகைக்கு 622. பழைய டயரின் பக்கவாட்டில் இவ்வெண் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வது நலம்.

இன்னும் மூன்று செய்திகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். சட்டத்தில் சக்கரம் அமரும் கவைகளுக்கு இடையே உள்ள அகலம் எவ்வளவு? சாதாரண மலைக் கியர் வண்டிகளில் இது முன்னே 100, பின்னே 135 மில்லிமீட்டர்; கியரில்லாத வண்டிகளில் பின் அகலம் இதற்குக் குறைவு. பிரேக் ரிம்மில் பிடிப்பதா, டிஸ்க்கில் பிடிப்பதா? கியர்ப் பற்சக்கரம் மரையில் திருகும் ஃப்ரீவீலா, ஹப்பின்மேல் செருகும் கேசட்டா? இவை பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல சக்கரமும் பயனற்றது.

வழக்கமான அளவில் வாங்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. 1951-இல் தோன்றிய அட்லஸ் நிறுவனம், 2020 ஜூன் 3 அன்று தன் சாகிபாபாத் தொழிற்சாலையை நிறுத்தியது. உலக சைக்கிள் தினத்தன்றே அது நேர்ந்தது. ஆனால் அவ்வண்டிகள் ஓடாமல் நின்றுவிடவில்லை. கம்பியும் டயரும் கோனும் பொது அளவில் இருந்தால், செய்தவர் கடையை மூடினாலும் உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும். விசித்திர வடிவம் கொண்ட, கம்பிக்குப் பதில் வார்ப்பு ஆரங்கள் உள்ள சக்கரங்களைப் பிள்ளைகள் விரும்புவர். அவற்றில் ஒன்று உடைந்தால் முழுவதையும் எறிய வேண்டியதே.

யாருக்குத் தகும், யாருக்குத் தகாது?

பள்ளிக்கும் கல்லூரிக்கும் டியூஷனுக்கும் நகரச் சாலையில் செல்லும் பிள்ளைக்கு மலிவுச் சக்கரம் தகும். ஆனால் அது இரட்டைச் சுவர் அலுமினிய ரிம்மும் 36 கம்பிகளும் கொண்டதாக இருக்க வேண்டும். ஓட்டுவதற்கு முன் நல்ல கையால் இறுக்கப்பட வேண்டும்.

தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரங்களையும் சாம்பார்த் தூக்குகளையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நகரெங்கும் செல்லும் நம் சகோதரர்களுக்கு இது தகாது. அவர்களுடைய பின் சக்கரத்தின்மேல் ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானமே அமர்ந்திருக்கிறது. நடுவழியில் ஆக்சில் முறிந்தால் அன்றைய இட்லியும் போயிற்று, முதலும் போயிற்று. சுமைக்கு ஏற்றது நம் தந்தையர் ஓட்டிய பழைய வகைக் கனத்த வண்டியே. அதன் 28 அங்குலப் பின் சக்கரத்துக்கு வழக்கமாக 40 கம்பிகள், முன் சக்கரத்துக்கு 32. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் நம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் எத்தனை மூட்டைகளைச் சுமந்தன என்பதை ஊரில் அனைவரும் அறிவர். அந்த எஃகு ரிம்மும் மழையில் வழுக்குவதே. ஆகவே மழைநாளில் சுமையோடு செல்வோர் வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும்.

விடுமுறை நாளில் நண்பர்களோடு மலைத்தொடரின் கரடுமுரடான பாதைகளில் ஏறி இறங்கவும், வண்டியோடு தாவிக் குதிக்கவும் விரும்பும் இளைஞர்களுக்கும் மலிவுச் சக்கரம் தகாது. உண்மையான மலை ஓட்டத்தில் ரிம் உடைந்தால் உடைவது ரிம் மட்டும் அல்ல.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

1. குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டும் சிறு காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செல்லுங்கள். ரிம்மில் ஒட்டினால் அது எஃகு. மேலே எந்த வண்ணம் பூசியிருந்தாலும் வேண்டாம்.

2. டயர் அமரும் உட்புறத்தில் உள்ள ரப்பர் நாடாவை நீக்கிப் பாருங்கள். நிப்பிளின் தலை மேலாகவே தெரிந்தால் ஒற்றைச் சுவர்; பெரிய துளைக்குள் ஆழத்தில் தெரிந்தால் இரட்டைச் சுவர்.

3. ஆக்சிலின் இரு முனைகளையும் விரலால் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். மணல் அரைப்பதுபோல் நெறுநெறுத்தாலும், மேலும் கீழும் ஆடினாலும் கோனைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். ஆக்சில் சுழலும்போது முனை வட்டமிட்டால் அது வளைந்தது. வேறு சக்கரம் கேளுங்கள்.

4. ஒரு பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டிப் பாருங்கள். தம்புராவின் தந்திபோல் அவை ஏறத்தாழ ஒரே ஒலியைத் தர வேண்டும். முன்னாளில் ரயில் வண்டி பெரிய நிலையத்தில் நின்றதும், ஊழியர் நீண்ட பிடியுள்ள சுத்தியலால் சக்கரங்களைத் தட்டி ஒலி கேட்பார். பழுதுற்ற சக்கரம் மழுங்கிய ஒலி தரும். இங்கும் அதே முறைதான். ஒலியே எழாத கம்பி தொய்ந்த கம்பி. பின் சக்கரத்தின் இடப்புறம் வலப்புறத்தைவிடத் தாழ்ந்த ஒலி தருவது இயல்பு. அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

5. ஆக்சிலைப் பிணைப்பது நட்டா, நெம்பு பூட்டா என்று பாருங்கள். நெம்பு பூட்டைக் கருவியின்றியே கழற்றலாம். இரவில் சாலின் வாசலில் நிற்கும் வண்டிக்கு நட்டு வைத்ததே பாதுகாப்பு.

பொருளுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அந்தக் குறைவு நமக்கும் வந்து சேர்ந்ததா என்பது ரசீதில்தான் தெரியும்.

வாங்கிய பின்

சக்கரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வண்டியில் மாட்டிவிடாமல், நம்பிக்கைக்குரிய மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். கோட்டம் எடுப்பது மட்டும் போதாது. எல்லாக் கம்பிகளையும் சமமாக இறுக்கவும், ஹப்பைப் பிரித்துக் கிரீஸ் வைத்துக் கோனைச் சரிசெய்யவும் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கூலி பேசிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் ஓட்டியபின் மறுபடியும் ஒருமுறை காட்ட வேண்டும். புதிய கம்பிகள் படிந்து சிறிது தளர்வது வழக்கம். அந்த வேளையில் இறுக்கிவிட்டால் பிறகு நெடுநாள் தொல்லையில்லை.

டயரில் காற்றுக் குறைவாக ஓட்டக்கூடாது. குழியில் விழும்போது காற்றில்லாத டயர் நசுங்கி, அடி நேரே ரிம்மின் விளிம்பில் விழும். வாரம் ஒருமுறை பம்பு பிடிக்கப் பிள்ளையைப் பழக்கினால் சக்கரத்தின் ஆயுள் கூடும். மழைக்காலம் முடிந்து தசரா வரும்போது ஒருமுறை ஓவராயில் செய்து, ஹப்பின் பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது வைத்துவிடுங்கள். ஆயுத பூசைக்கு வண்டிக்குப் பொட்டு வைப்பதோடு இதையும் சேர்த்துக்கொண்டால் மறந்துபோகாது.

கணக்கு

விலைகள் கடைக்குக் கடை மாறும்; ஆகவே கணக்கின் முறையை மட்டும் சொல்கிறோம். பேச்சுக்காக மலிவுச் சக்கரத்தின் விலை 1,000 ரூபாய் என்று கொள்வோம். அப்படியே மாட்டி 8 மாதத்தில் கெட்டால் மாதத்துக்கு 125 ரூபாய். கூலியாக இன்னும் 300 ரூபாய் கொடுத்து இறுக்கி வாங்கி, அது 26 மாதம் ஓடினால் மாதத்துக்கு 50 ரூபாய். கூடுதலாகச் செலவிட்டவரே குறைவாகச் செலவிட்டவர் ஆகிறார். கூலியையும் சேர்த்தே சக்கரத்தின் விலையாக எண்ண வேண்டும். அக்கூலிக்குக் கையில் பணமில்லையென்றால், புதிய சக்கரத்தை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்துப் பழையதைக் கோட்டம் எடுத்து ஓட்டுவதே சிக்கனம்.

ஆகவே நம் முடிவு இது. மலிவுச் சக்கரம் வாங்கலாம். அலுமினியமும் இரட்டைச் சுவரும் பொது அளவும் உடையதாகப் பார்த்து வாங்கலாம். ஆனால் மலிவுக்காகத் தொழிலாளியின் கைவேலையை விட்டுவிடக்கூடாது. தெரு முனையில் குடைக்கீழ் அமர்ந்து, ஒரு கண்ணைச் சுருக்கி ரிம்மின் ஓட்டத்தைப் பார்த்து, நிப்பிளைக் கால் திருப்பு திருப்பும் அந்த மனிதரின் கூலியில் பேரம் பேசாதீர்கள். நம் பிள்ளை மாலையில் நலமாக வீடு திரும்புவது பெரிதும் அந்தக் கால் திருப்பைப் பொறுத்திருக்கிறது.